பைனரி கம்பாட்டிபிலிட்டி: பொறிநிலைப் பொருத்தம்

ஒரு மென்பொருள் நூலகத்தின் பழைய பதிப்பை நம்பிக் கட்டப்பட்ட நிரல், மறுபடி தொகுக்கப்படாமலே புதிய பதிப்பிலும் ஒழுங்காக ஓடுமானால், அந்தப் பதிப்புகளுக்கிடையே ‘பைனரி கம்பாட்டிபிலிட்டி’ இருக்கிறது என்பார்கள். தொகுத்தல் என்பது மனிதர் எழுதிய மூலநிரலைக் கணினி நேரடியாக இயக்கும் பொறிமொழிக்கு மாற்றுவது; அதைச் செய்யும் மென்பொருள் தொகுப்பி. நூலகம் என்று இங்கே சொல்வது, பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் செயற்கூறுகள் அடங்கிய கோப்பை. விண்டோஸில் அது டிஎல்எல், லினக்ஸில் எஸ்ஓ.

‘மறுபடி தொகுக்கப்படாமலே’ என்பதில்தான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலையிலோ முல்லைத்தீவுக் கூட்டுறவுச் சங்கத்திலோ ஓடும் கணக்கு நிரலை நினைத்துப் பாருங்கள். எழுதிக்கொடுத்தவர் வெளிநாடு போயிருப்பார். மூலநிரல் யாரிடமும் இருக்காது. இருப்பது தொகுத்து முடித்த ஒரே ஒரு கோப்பு. அப்படிப்பட்டவரிடம் ‘திரும்பத் தொகுத்துக்கொள்ளுங்கள்’ என்பது கையை விரிப்பதற்குச் சமம்.

சொல்லின் வரலாற்றுக்கு வருவோம். ‘பைனரி’ என்பது ‘இரண்டிரண்டாக’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லின் வழி வந்தது. ‘கம்பாட்டிபிள்’ என்பதன் கதை சுவையானது. அதன் வேர்ப்பொருள் ‘உடன் துன்புறுதல்’. இடைக்கால லத்தீனில், ஒரு குருவானவர் இன்னொன்றோடு சேர்த்து வகிக்கக்கூடிய திருச்சபை மானியப் பதவியை இச்சொல்லால் குறித்தார்கள். கணினி உலகில் அது வேரூன்ற 1964 ஏப்ரல் 7 முக்கியமான நாள். ஐபிஎம் நிறுவனம் அன்று அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், சிறிய மாதிரிக்கு எழுதிய நிரலைப் பெரிய மாதிரியிலும் ஓட்டலாம் என்றது. அதற்கு முன் கணினியை மாற்றியவர்கள் பெரும்பாலும் நிரலையும் புதிதாக எழுதவேண்டியிருந்தது.

தமிழில் என்ன சொல்வது? நம் பாடசாலைக் கணிதத்தில் ‘துவித எண்கள்’ என்று படித்தோம். தமிழ்நாட்டில் ‘இரும எண்கள்’ என்கிறார்கள். அதன்படி ‘துவிதப் பொருத்தம்’, ‘இருமப் பொருத்தம்’ என்று ஆக்கலாம். இரண்டும் பிழையில்லை, ஆனால் எனக்கு நிறைவில்லை. இந்த இடத்தில் ‘பைனரி’ எண்முறையைக் குறிக்கவில்லை. தொகுத்து முடித்த, பொறிமொழியில் உள்ள நிரற்கோப்பைக் குறிக்கிறது. ‘துவிதம்’ என்றவுடன் மாணவரின் மனம் ஒன்று, பூச்சியம் என்று கணக்கில் இறங்கிவிடும். ஆகவே ‘பொறிநிலைப் பொருத்தம்’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். இதற்கு இணையான ‘சோர்ஸ் கம்பாட்டிபிலிட்டி’யை ‘மூலநிலைப் பொருத்தம்’ என்றால் சோடியும் அமைந்துவிடுகிறது. ‘இணக்கம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது மனிதர் இருவர் உடன்படுவது. அளவும் இடமும் ஒன்றோடொன்று பிசகாமல் அமைவதற்குப் ‘பொருத்தம்’தான் சரி.

அளவும் இடமும் என்று சும்மா சொல்லவில்லை. நெல் கொள்வனவுக்கான ஒரு நூலகத்தில் கமக்காரர் ஒருவரின் பதிவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அங்கத்துவ எண்ணுக்கு 4 பைட், மூட்டை எண்ணிக்கைக்கு 4 பைட், விலைக்கு 8 பைட். மொத்தம் 16. நிரலைத் தொகுக்கும்போது தொகுப்பி ‘விலை’ என்ற பெயரைப் பொறிமொழியில் வைத்திருப்பதில்லை. ‘பதிவின் தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி’ என்ற எண்ணைத்தான் பதிக்கிறது. அடுத்த பதிப்பில் நூலகக்காரர் மூட்டைக்கும் விலைக்கும் நடுவே ஈரப்பதத்துக்கென 4 பைட் சேர்க்கிறார். 8 பைட் எண் 8இன் மடங்கில் உட்காரவேண்டும் என்பதால் இடையில் 4 பைட் வெறுமையாக விடப்பட்டு, விலை 16ஆம் இடத்துக்குப் போய்விடுகிறது. பழைய நிரலோ இன்னும் 8ஆம் இடத்தையே பார்க்கிறது. ஈரப்பதத்தையும் வெற்றிடத்தையும் சேர்த்து விலை என்று வாசிக்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது. சிட்டையில் தவறான தொகை விழும்.

மூலநிரலை வைத்திருப்பவர் மறுபடி தொகுத்தால் எல்லாம் சரியாகிவிடும். அதாவது, மூலநிலையில் பொருந்துகிறது, பொறிநிலையில் பொருந்தவில்லை. புதிய புலத்தைக் கடைசியில் சேர்த்தாலும் முழுத் தீர்வில்லை: பழைய நிரல் தானே 16 பைட் ஒதுக்கியிருந்தால் நூலகம் அதற்கு அப்பாலும் எழுதிவிடும். பதிவை உருவாக்குவதையும் அழிப்பதையும் நூலகமே செய்து, நிரலுக்கு முகவரியை மட்டும் கொடுப்பதே உறுதியான வழி. செயற்கூறு ஒன்றை நீக்கினாலும் பொருத்தம் உடையும். ஆனால் அப்போது குறித்த பெயர் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நிரல் நின்றுவிடும். சத்தமில்லாமல் தவறாக ஓடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை அறிந்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். இப்போது 36 அடி கொள்ளும் அந்தக் குளத்தின் கட்டை உயர்த்தலாம், பலப்படுத்தலாம். தண்ணீர் திறக்கும் துருசின் மட்டத்தைப் பழைய வாய்க்கால்களை எண்ணாமல் மாற்றினால், யாருமே கை வைக்காத வயலுக்குச் சிறுபோகத்தில் தண்ணீர் ஏறாது.

பொருத்தத்தைக் காப்பதில் எனக்கு மிகுந்த மதிப்பு, லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜிலிப்சி என்ற குனூ சி நூலகத்தின் மேல். நம் மேசைக் கணினிகளில் அதன் கோப்புப் பெயருக்குப் பின்னால் வரும் 6 என்ற எண் 1997 முதல் மாறவில்லை. பொருத்தம் உடைந்தால்தான் அந்த எண் ஏறவேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: அதிலுள்ள ‘மெம்காப்பி’ என்ற செயற்கூறு நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்குப் படியெடுப்பது. இரு பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது விதி. விதியை மீறிய நிரல்களும் பழைய வேலைமுறையில் தற்செயலாகச் சரியாகவே ஓடின. 2010இல் வேகமான புதிய முறை புழக்கத்துக்கு வந்ததும் இணைய உலாவிகளின் ஃபிளாஷ் செருகியில் ஒலி சிதைந்தது. பிழை நூலகத்தில் இல்லை. ஆனாலும் 2011இல் வெளிவந்த 2.14 பதிப்பு அந்தச் செயற்கூறுக்கு இரண்டு பதிப்படையாளங்கள் இட்டது: பழைய 64 பிட் நிரல்களுக்குப் பழைய, பாதுகாப்பான நடத்தை, புதிதாகத் தொகுப்பவற்றுக்குப் புதியது. விதியை மீறியவன் பயனரல்லன் என்று உணர்ந்து செய்த வேலை அது.

இந்தப் பொருத்தத்துக்குத் திசை உண்டு. அறிவியல்நகரில் படிக்கும் மாணவர் ஒருவர் பல்கலைக்கழகத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 22.04 பதிப்புள்ள கணினியில் தொகுத்த நிரலை, விசுவமடுவில் வீட்டிலுள்ள, பழைய 20.04 பதிப்புக் கணினியில் ஓட்டினால் ‘ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை’ என்று வரும். பொருத்தம் உடைந்துவிட்டது என்று முறையிடுவார்கள். உடையவில்லை. பழைய நிரல் புதிய நூலகத்தில் ஓடும் என்பதுதான் வாக்குறுதி. 20.04இல் இருப்பது ஜிலிப்சி 2.31; அது தனக்குப் பின் வந்ததை அறியாது. வீட்டுக் கணினியிலேயே தொகுத்தால் இரண்டிலும் ஓடும்.

வேண்டுமென்றே உடைக்கவேண்டிய நேரமும் வரும். 32 பிட்டில் வைக்கும் நேரக்கணக்கு 2038 ஜனவரி 19இல் நிரம்பிவிடுகிறது. அதனால் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் குழுவினர் 2024இல் 32 பிட் ஆர்ம் செயலிக் கணினிகளுக்கான நேரக்கணக்கை 64 பிட்டாக்கி, பாதிக்கப்பட்ட நூலகப் பொதிகளின் பெயரையே மாற்றினார்கள். 32 பிட் இன்டெல் வகையை மட்டும் தொடாமல் விட்டார்கள். அதை இன்னும் வைத்திருப்பதே பழைய நிரல்களை ஓட்டத்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வழக்கில் ‘பொறிநிலைப் பொருத்தம் காத்தல்’, ‘பொறிநிலைப் பொருத்தம் உடைதல்’ என்று ஆளலாம். வெளியீட்டுக் குறிப்பில், ‘இப்பதிப்பு மூலநிலையில் பொருந்தும், பொறிநிலையில் பொருந்தாது, உங்கள் நிரலை மறுபடி தொகுக்கவும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.