குடியை நிறுத்தியவரிடம் "முடியாது" என்று சொல்லலாமா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரைவிட அவருடைய துணைதான் பல வீடுகளில் அதிகம் நடுங்குகிறார். "நான் ஏதாவது சொல்லி, அவர் மறுபடியும் குடிச்சிட்டா?" ஆலோசனை அறையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. குடித்த காலத்தில் மல்லுக்கு நின்றவர்கள்கூட, நிறுத்திய பிறகு வாயைத் திறப்பதில்லை. கேட்ட பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எரிந்து விழுந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். முதல் சில மாதங்களுக்குத் தூக்கம் கெடும், சிடுசிடுப்பு இருக்கும் என்பதெல்லாம் உண்மை. அதற்காக வசவையும் சேர்த்துத் தாங்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை.

அடக்கி வைத்த கோபம் எங்கும் போய்விடாது. லோயிஸ் வில்சனின் கணவர் பில் குடியை விட்டு, 1935இல், குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பில் குடியை விட்ட பிறகு, தன்னோடு ஒரு கூட்டத்துக்குக் கிளம்பச் சொன்ன ஒருநாள், லோயிஸ் அவர்மேல் ஷூவைத் தூக்கி எறிந்தார். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பை 1951இல் நிறுவியவர்களில் லோயிஸும் ஒருவர்.

"இனிமே குடிக்கவே கூடாது" என்பது உத்தரவு. அதைக் காப்பாற்றுவது அவர் கையில். உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள்: "குடிச்சிட்டு வந்தா அன்னிக்கு நானும் பிள்ளைங்களும் அக்கா வீட்டுல தங்கிடுவோம்." "உங்க கடனை நான் அடைக்க மாட்டேன்." "ஆபீசுக்கு போன் போட்டு காய்ச்சல்னு இனி பொய் சொல்ல மாட்டேன்." அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில், ஒருமுறை, குரல் உயர்த்தாமல் சொன்னால் போதும். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். நூறு முறை மிரட்டிய விவாகரத்தைவிட, ஒரே ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போனதுதான் அவருக்கு உறைக்கும். "நீ இப்படிப் பேசினா குடிச்சிடுவேன்" என்றால், "அது உங்க முடிவு" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

சட்டைப்பையைத் துழாவுவது, வாயை முகர்ந்து பார்ப்பது எல்லாம் உங்கள் தூக்கத்தைத்தான் தின்னும். சோதனை தேவையென்றால் மருத்துவரிடம் விடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குடித்தால் உடலுக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிரம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்காதீர்கள். அதன் வீரியம் கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் எழுதித் தந்து, அவரும் சம்மதித்து, தினமும் உங்கள் கண்ணெதிரே விழுங்குவது வேறு. அது நல்ல வழி.

அதேபோல, மறுபடியும் தினசரிக் குடியில் விழுந்தவரிடம் "இன்னைக்கே நிறுத்து, இல்லன்னா வெளியே போ" என்று கெடு வைக்க வேண்டாம். அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அதையடுத்து சித்தக் குழப்பமும் வரலாம். மருத்துவமனைக்கு வருகிறாரா என்று கேளுங்கள்.

கை நீட்டுகிறவரிடம் மேலே சொன்ன பேச்சு எதுவும் வேண்டாம். முதலில் பாதுகாப்பான ஓர் இடத்தை ஏற்பாடு செய்யுங்கள், அடையாள ஆவணங்களையும் கொஞ்சம் பணத்தையும் தனியே எடுத்து வையுங்கள், நம்பகமான ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். எப்போது கிளம்புவீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.