சிவப்புப் புள்ளியெல்லாம் காட்டுத்தீ இல்லை

பிப்ரவரி பிறந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நிலத்தில் நடப்பதைச் சொல்வது என் தொழில். போன கோடையில் தோவாளைப் பக்கமிருந்து ஒரு மாமா கூப்பிட்டார். "மக்களே, நம்ம மலையடிவாரம் பூரா தீயாம். வாட்ஸ்அப்புல படம் வந்திருக்கு. காலையில எட்டு மணிக்கே பிடிச்சிருக்கு."

படம், செயற்கைக்கோள் கண்ட தீயைப் புள்ளியாகக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்திலிருந்து எடுத்தது. மூன்று சிவப்புப் புள்ளிகள். அதில் 08:00 என்றிருப்பது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டினால் மதியம் 1:30. தீயின் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் வீர்ஸ் கருவி ஏறிய செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேலே வருவதே மதியமும் நள்ளிரவும் ஒன்றரையை ஒட்டித்தான். அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். உள்ளே எரிவது சில சென்ட் என்றாலும் குறி விழுவது சதுரத்தின் நடுவில். முந்தைய பத்து நாள் படங்களையும் புரட்டினேன். அதே இடம், அதிகமும் இரவில். காட்டுத்தீ என்றால் நகர்ந்திருக்கும்.

"மாமா, அங்க சூளை ஏதும் உண்டா?"

"செங்கல் சூளை கெடக்கே!"

இதில் சிரித்துவிடலாம். அதே வாரம் நடந்த இன்னொன்றில் முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குச் சரிவில் புல் பற்றி, ஒன்பது மணிக்குள் ஊர்க்காரர்கள் பச்சைக் கிளையால் அடித்து அணைத்திருக்கிறார்கள். மறுநாள் கேட்டவரிடம், "படத்தில் ஒன்றும் இல்லை, வதந்தியாக இருக்கும்" என்று நான் சொல்லிவிட்டேன். செயற்கைக்கோள் போன பிறகு பற்றி, திரும்பி வருவதற்குள் அணைந்த தீ அது. நம் இன்சாட் வானிலைச் செயற்கைக்கோள் அரை மணிக்கொரு படம் தரும், ஆனால் அதன் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர். புல்தீ அதில் எங்கே தெரியப்போகிறது?

புகையைத் தேடுகிறவர்கள் கடலில் ஏமாறுவார்கள். மார்ச், ஏப்ரலில் குமரிமுனைக்குத் தெற்கே வெளிர் சாம்பலாக ஒரு பட்டை விரியும். பாதி நாட்களில் அது தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில். நாசாவின் டெர்ரா செயற்கைக்கோள் எடுத்த காலைப் படத்தையும் அக்வா எடுத்த மதியப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் பட்டை கிழக்கிலிருந்து மேற்கே தாவியிருக்கும். புகை அப்படித் தாவாது. தொடங்கிய இடத்தில் ஒல்லியாக நின்று, காற்றுப் போகும் பக்கம் நீலச் சாம்பலாக அகலும்.

தூசி மண்பழுப்பு. ஜூன், ஜூலையில் அரபுப் பாலைவனங்களிலிருந்து கிளம்பி அரபிக்கடல் மேல் பரவும். மழைமேகம் மூடாத நாளில் படத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் அது பெரும்பாலும் சில கிலோமீட்டர் உயரத்தில் மிதப்பது. அதே மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டுகிறவர் கண்ணில் விழும் மண் உள்ளூர்ச் சரக்கு, செயற்கைக்கோளுக்குத் தெரியாது. ஏரோசல், அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள், அளவு என்று வண்ண வரைபடம் காட்டுவது தரையிலிருந்து வானம் வரைக்குமான மொத்தக் கணக்கு. கடல் உப்புத்துகளும் அதில் சேர்த்தி. வரைபடம் சிவந்திருக்கிறது என்பதற்காக ஆஸ்துமாக்காரரைப் பயமுறுத்த வேண்டாம். அது வெளுத்திருக்கிறது என்று குப்பை எரியும் தெருவில் அவரை நடக்கவிடவும் வேண்டாம்.

மலையோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்திய வன அளவை நிறுவனத்தின் வன் அக்னி தளத்தில் பதிந்துகொண்டால் தீ எச்சரிக்கை எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். மாமாவுக்கு நானே பதிந்து கொடுத்தேன். இப்போது எச்சரிக்கை வந்தால் மொட்டைமாடியில் ஏறி மலையை ஒரு போட்டோ எடுத்து, காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதி அனுப்புகிறார். எனக்கு அதுதான் முதலில் வேண்டும்.