நகத்தில் குழி, காலையில் விறைப்பு

போன வாரம் ஒரு டவுன் பஸ் கண்டக்டர் வந்திருந்தார். தலையில் செதில் உதிர்கிறது. பொடுகு என்று நினைத்து பல வருடமாக ஷாம்புவை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். பார்த்தால் சொரியாசிஸ் என்ற தோல் நோய். மருந்துச் சீட்டு எழுதும் முன் கையை நீட்டச் சொன்னேன். ஆள்காட்டி விரல் நகத்தில் குண்டூசியால் குத்தினதுபோல் ஏழெட்டுக் குழிகள்.

"காலையில எழுந்ததும் விரல் மடக்க வருதா?"

"டிப்போவுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் வராது சார். யூரிக் ஆசிட்னு மாத்திரை சாப்பிடுறேன்."

செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது காலில் நாலாவது விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக உப்பியிருந்தது. ஆறு மாதமாக அப்படித்தானாம். தோல் டாக்டரிடம் கால்விரலை ஏன் காட்ட வேண்டும் என்று விட்டுவிட்டார்.

காட்ட வேண்டும். சொரியாசிஸ் உள்ளவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வரை மூட்டுவாதமும் வரலாம். நம் எதிர்ப்புச் சக்தி தவறிப்போய்த் தோலைத் தாக்குவதுபோலவே, தசைநார் எலும்பில் ஒட்டும் இடங்களையும் தாக்குகிறது. விரல் கடைசி மூட்டின் தசைநார் இழைகள் நகத்தின் வேர்வரை போகின்றன. நகக்குழியை நான் விடாமல் தேடுவது அதனால்தான். குதிகால் வலியும் இப்படி வரும். பெரும்பாலும் தோல் முந்திக்கொள்ளும், மூட்டு பல வருடம் கழித்து வரும். முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை இவர்களில் அநேகருக்கு நெகட்டிவ்தான்; உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். கூட நார்மலாக இருக்கலாம். 'ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லை' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

ஏனென்றால் காலம் முக்கியம். அயர்லாந்தில் இந்த மூட்டுவாதம் உள்ள 283 பேரை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில், மூட்டு மருத்துவரைப் பார்க்க ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களுக்கு மூட்டில் எலும்பு அரிக்கப்பட்டுத் தேய்வதும் அன்றாட வேலைச் சிரமமும் அதிகம் என்று தெரிந்தது. அதே ஆண்டு பிரிட்டனின் டிகோபா ஆய்வு வந்தது. புதிதாக நோய் கண்ட 206 பேரில் ஒரு பாதியினரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, நோய் அடங்காவிட்டால் மருந்தைக் கூட்டினார்கள். 48 வாரத்தில் அவர்களில் 62 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். வழக்கமான முறையில் 44. பக்கவிளைவும் அந்தக் குழுவில் கூடுதல்தான், அதையும் சொல்லியாக வேண்டும்.

மருந்தில் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியின் வேகத்தை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டில் தொடங்குகிறோம். வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டு வாயெல்லாம் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையிலேயே கிழமையை எழுதி வையுங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இது போதாதவர்களுக்கு பயாலஜிக் ஊசிகள், அதாவது உயிரணுக்களில் தயாராகி, எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட ஒரு கண்ணியை மட்டும் தடுக்கும் மருந்துகள். அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் முதல் பயோசிமிலர் (அசலைப் போலவே வேறு நிறுவனம் தயாரிப்பது) 2014 டிசம்பரில் நம் நாட்டில்தான் வந்தது. ஊசிக்கு முன் டி.பி. இருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர்க்கவே கூடாது. உறங்கிக் கிடக்கும் காசநோயை இவை எழுப்பிவிடலாம். அப்புறம், தோலில் இருப்பது சீக்கிரம் மறையட்டும் என்று நீங்களாகவே ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிப் போட்டு நிறுத்தாதீர்கள். உடம்பெல்லாம் சீழ்க்கொப்புளமாகக் கிளம்பியவர்கள் உண்டு.

கண்டக்டருக்கு ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எழுதி, மூட்டு மருத்துவருக்குக் கடிதமும் கொடுத்தேன். தினமும் காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று காலண்டரில் குறித்து, அதைக் கிழிக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.