83 வயதில் பாப்பாவா?

நான் வாரம் இரண்டு நாள் போய்ப் பார்க்கும் முதியோர் இல்லத்தில், போன வாரம் ஒரு ஃபைலில் எழுதியிருந்தது: "ஒத்துழைப்பதில்லை. மாத்திரையைத் துப்புகிறார். தூக்க மாத்திரை தரலாமா?" இந்த மாதம் இப்படி வந்த மூன்றாவது ஃபைல்.

போய்ப் பார்த்தேன். 83 வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், மறதி நோயின் தொடக்க நிலை. உதவியாளர் பெண் கன்னத்தைக் கிள்ளி, "பாப்பா, ஆ காட்டு... சமத்துல்ல" என்கிறாள். நல்ல பெண்தான். டீச்சர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார்.

"டீச்சர், இது பிரஷர் மாத்திரை. இப்போ போடுறீங்களா, டிபனுக்கு அப்புறமா?" என்றேன். கை நீட்டி வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி வெள்ளையா இருந்துதே?" கம்பெனி மாறியிருந்தது, அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னேன். போட்டுக்கொண்டார்.

"பாசமாத்தானே டாக்டர் கூப்பிடறோம்?" எந்த இல்லத்துக்குப் போனாலும் இதே பதில். பாசம்தான், சரி. அதற்காக ஆயுசு முழுக்க வகுப்பெடுத்தவரை எல்கேஜியில் உட்கார வைப்பதா? முதுமை இரண்டாம் குழந்தைப் பருவம் என்பதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. குழந்தையைக் கொஞ்சினால் அது சிரிக்கும். இவருக்குக் கூசும். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவருக்குக்கூடக் குரலில் இருக்கும் இளக்காரம் பெரும்பாலும் புரிகிறது. அமெரிக்காவின் கான்சாஸில் மறதி நோயாளிகளிடம் நடத்தி, 2009-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியாளர்கள் மழலைப் பேச்சு பேசியபோது, இயல்பாகப் பேசியதைவிட நோயாளிகள் முரண்டுபிடிப்பது ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

பாட்டி, தாத்தா என்பது நம் ஊரில் மரியாதைதான். ஆனால் கல்யாணமே ஆகாதவர் "நான் யாருக்குப் பாட்டி?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். சேரும் அன்றே "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு, ஃபைலின் முதல் பக்கத்தில், மருந்து அலர்ஜிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நீ, வா, போ கூடவே கூடாது. "குளிச்சிட்டோமா?" என்கிறீர்களே, நீங்களுமா குளித்தீர்கள்? காது மந்தம் என்று கீச்சுக்குரலில் கத்தாதீர்கள். வயதானால் முதலில் கேட்காமல் போவது அந்த உச்சக் குரல்தான். எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய, தாழ்ந்த குரலில் நிதானமாகச் சொல்லுங்கள்.

உதவியாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ரவுண்ட்ஸில் "ஏழாம் நம்பர் படுக்கைப்புண் எப்படி இருக்கு?" என்று கேட்பது நாங்கள்தான். பார்க்க வரும் பிள்ளைகளே, அம்மா எதிரில் இருக்கும்போது "அம்மா சாப்பிடுறாங்களா?" என்று உதவியாளரிடம் கேட்காதீர்கள். அம்மாவையே கேளுங்கள், தயவுசெய்து.

தூக்க மாத்திரை எழுதவில்லை. 'டீச்சர் என்று அழைக்கவும். மாத்திரையின் நிறம் மாறினால் முன்பே சொல்லவும்' என்று ஃபைலில் எழுதிவிட்டு வந்தேன்.