லண்டனில் பிடிபட்டவருக்குத் தடுப்பு முகாமில் என்ன உரிமை?

விசா இல்லாமல் லண்டனில் பிடிபட்டார் என்று யாழ்ப்பாணத்து வீட்டுக்குச் செய்தி வந்தால், "எந்த ஜெயில்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஜெயில் இல்லை, குடிவரவுத் தடுப்பு முகாம். பெரும்பாலானவற்றைத் தனியார் கம்பனிகளே ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள புரூக் ஹவுஸ் 2020 முதல் சேர்கோ என்ற கம்பனியிடம் இருக்கிறது. காவலும் சாப்பாடும் கம்பனியின் பொறுப்பு. ஆளை விடுவதா, திருப்பி அனுப்புவதா என்பது பிரித்தானிய உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸின் முடிவு. ஆகவே, "முகாமுக்குள்ளே எனக்கு ஆள் இருக்கு, காசு தந்தால் எடுத்துவிடலாம்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு கிடையாது. பிணை கேட்கலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முகாமிலேயே லோயரோடு அரை மணி நேரம் இலவசமாகப் பேசலாம், கேட்டுப் பதிய வேண்டும். கமரா போனை வாங்கி வைத்துவிட்டுச் சாதாரண போன் ஒன்று தருவார்கள். உள்ளே வேலை செய்தால் மணிக்கு 1 பவுண். அதைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்மவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது தடுப்பு முகாம் விதிகளில் உள்ள 35ஆம் விதி. தடுப்பில் இருப்பவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று முகாம் டொக்டருக்குப் பட்டால், அவர் அதை எழுத்தில் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். அது ஹோம் ஒஃபிஸுக்குப் போகும், தடுப்பைத் தொடர்வதா என்று அவர்கள் மறுபடி பார்க்க வேண்டும். விடுதலைக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் வழக்குக்குப் பெரிய பலம். பலர் வெட்கத்திலோ பயத்திலோ சூடு வைத்த தழும்பைக் காட்டாமலே இருந்துவிடுகிறார்கள். டொக்டர் தானாகக் கேட்பார் என்று காத்திருக்காமல், "35ஆம் விதி அறிக்கை வேண்டும்" என்றே கேட்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறது என்று நம்பிவிட வேண்டாம். புரூக் ஹவுஸ் வேறு கம்பனியிடம் இருந்த 2017இல் அங்கு நடந்ததை விசாரித்த அரச விசாரணை, 2023 செப்டெம்பரில் அறிக்கை தந்தது. ஐந்தே மாதத்தில், மனிதாபிமானமற்ற நடத்தை எனக் கருதக்கூடிய 19 சம்பவங்களை அது கண்டது. திறக்க முடியாத ஜன்னல், அறைக்குள்ளேயே மலசலகூடம், இரவில் வெளியே இருந்து பூட்டு. தடுப்புக்கு 28 நாள் வரம்பு வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

இங்கிருந்து செய்யக்கூடியதும் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டு, முன்பு இலங்கையில் தடுப்பில் இருந்ததற்குச் செஞ்சிலுவைக் குழு தந்த கடிதம், மனித உரிமை ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, இருப்பதை எல்லாம் தெளிவாகப் படமெடுத்து நேரே லோயருக்கு அனுப்புங்கள். அசலை வீட்டிலேயே வைத்திருங்கள்.