நாலாவது சேம்பர்: விலை உயர்ந்த ரிவால்வர் வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் ஒரு அரிசி ஆலைக்காரர் நான் உட்காரும் துப்பாக்கிக் கடைக்கு வந்தார். கூடவே விற்கிறவரும் லைசென்ஸ் புத்தகத்தோடு வந்திருந்தார். மேசையில் வைத்த ரிவால்வர், நிக்கல் முலாம் பூசி, கல்யாண வீட்டு வெள்ளிக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. பேரலில், அதாவது குழலில், பெரிய வெளிநாட்டுப் பெயர். விலை ஆறு லட்சம், ஒரு லட்சம் முன்பணம் கைமாறிவிட்டது. "ஏட்டையா, நீங்க ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதி" என்றார் ஆலைக்காரர். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வந்திருக்கலாம். யாரும் அப்படி வருவதில்லை.

போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ரிவால்வர் என்பது கணக்கில் ஒரு எண், அவ்வளவுதான். வெளியே வந்த பிறகுதான் அதற்கு இப்படி ஒரு மவுசு இருப்பதே தெரிந்தது. தனிநபர்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே நின்றுபோனதால், அதற்கு முன் வந்த வெப்ளி ஸ்காட், ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் எல்லாம் கை மாறிக் கை மாறி லட்சங்களில் போய் நிற்கின்றன. ஆக, நம் ஊரில் 'உயர் ரகம்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயது தாண்டிய இரும்பு. தாத்தா காலத்து அம்பாசடர் வாங்குவதாக நினைத்துக்கொண்டு பாருங்கள், சரியாக இருக்கும்.

முதலில் பேரலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து, அதிலுள்ள ஆறு சேம்பரும், அதாவது தோட்டா உட்காரும் துளைகளும், காலி என்று இருவருக்கும் காட்டினேன். விற்கிறவர் "காலிதான் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வார்த்தையை நம்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து ஹேமரை, பின்னால் இருக்கும் அந்தச் சுத்தியலை, விரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுத்தேன். ஹேமர் பின்னால் போகப் போக சிலிண்டர் திரும்பும். ஹேமர் கடைசியில் போய் நிற்பதற்குள் சிலிண்டரும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். முதல் சேம்பர், டக். இரண்டு, மூன்று, அதுவும் சரி. நாலாவதில் ஹேமர் முழுசாகப் போய் நின்றுவிட்டது, சத்தமே வரவில்லை. விரலால் சிலிண்டரை லேசாகத் தள்ளிய பிறகுதான் பூட்டியது. இன்னொரு சுற்று பார்த்தேன். அதே நாலாவது.

பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் சிலிண்டர் பூட்டாத நிலையில் சுட்டால் சேம்பரும் பேரலும் நேர்கோட்டில் இருக்காது. குண்டு பேரலின் வாயில் உரசிக்கொண்டு நுழையும், செதுக்கப்பட்ட ஈயத்துகள் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது போதும். விலகல் அதிகமானால் துப்பாக்கியே தாங்காது. அதனால்தான் ஆறு சேம்பரையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். கடைக்காரர் ஒன்றைக் காட்டிவிட்டு மூடினால் திரும்பத் திறக்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ட்ரிக்கரை அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பது அடுத்த சோதனை. மயிரிழை ஆட்டம் இருக்கலாம், லொடலொடவென்று ஆடக் கூடாது. சிலிண்டர் முகத்துக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, பைக் மெக்கானிக் வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜாலேயே அளந்துவிடலாம். சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நல்லது. சிலிண்டர் திரும்பத் திரும்ப அது மாறிக்கொண்டே போனால் ஏதோ வளைந்திருக்கிறது.

அந்த நிக்கல் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பேரலில் இருந்த எழுத்துகளின் ஓரம் சோப்பில் எழுதியது போல மழுங்கியிருந்தது. துருக்குழிகளைத் தேய்த்துவிட்டு மேலே முலாம் பூசினால் இப்படித்தான் ஆகும். ஸ்க்ரூக்களின் வெட்டும் சிதைந்திருந்தது, பொருந்தாத திருப்புளியால் யாரோ பலமுறை திறந்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் டார்ச் அடித்துப் பேரலுக்குள்ளும் சேம்பருக்குள்ளும் பாருங்கள். அங்கே முலாம் பூசி ஏமாற்றுவது கடினம்.

கீழே விழுந்தால் வெடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். 1944-இல் ஒரு அமெரிக்கக் கப்பலில் ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர் ஒன்று தளத்தில் விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அதன் பிறகு அந்த நிறுவனம் ஹேமரைத் தடுக்கும் அமைப்பையே மாற்றியது. ரூகர் 1973-இல், ட்ரிக்கரை இழுத்தால் மட்டுமே ஹேமரின் அடி ஃபயரிங் பின்னுக்கு, அதாவது தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசிக்கு, போய்ச் சேரும்படி ஒரு இடைத்தகடு வைத்தது. பழைய துப்பாக்கிகளில் இந்தத் தடுப்பு தேய்ந்திருக்கலாம், சிலவற்றில் இருக்கவே இருக்காது. காலித் துப்பாக்கியில் ட்ரிக்கரை விட்டுவிட்டு ஹேமரைக் கட்டைவிரலால் முன்னால் அழுத்துங்கள். அந்த ஊசியின் முனை துளை வழியாக எட்டிப் பார்த்தால் அதை வாங்காதீர்கள்.

புதியது வாங்குவதாக இருந்தால் கான்பூர் அரசு ஆலையில் செய்யும் ரிவால்வர்கள் இருக்கின்றன. 2014-இல் வந்த நிர்பீக், டைட்டானியம் கலவை, சுமார் 500 கிராம், அப்போதே 1.22 லட்சம், நகைப்பெட்டி போன்ற மெரூன் பெட்டி. பெட்டியைப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு. எடை குறைந்தால் கைப்பைக்குச் சுகம், ஆனால் உதைப்பு கையில் கூடுதலாகத் தெரியும். அது நடுவில் மடிந்து திறக்கும் வகை. இந்த வகையில் மேல் கொக்கி தேய்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். 2023-இல் வந்த பிரபல் 675 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். எதுவானாலும் உங்கள் கையில் பிடித்து, விரல் ட்ரிக்கரை ஒழுங்காக எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் என்ன விலை கொடுத்து என்ன?

தோட்டா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நமக்கு இங்கே பெரும்பாலும் கிடைப்பது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங். (.32, .38 என்பதெல்லாம் தோட்டாவின் பருமனை அங்குலக் கணக்கில் குறிக்கும் பெயர்கள்.) சில பழைய வெளிநாட்டு ரிவால்வர்கள் அதைவிடக் குட்டையான .32-க்குச் செய்யப்பட்டவை, லாங் அதில் முழுசாக உள்ளே போகாது. பிஸ்டலுக்கான 7.65 மில்லிமீட்டர் தோட்டாவோ ரிவால்வர் சேம்பருக்குள் உட்கார்ந்துவிடும். அதன் அழுத்தம் அதிகம், பழைய ரிவால்வரில் போடவே போடாதீர்கள்.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி எண்ணும் லைசென்ஸில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், தேய்த்த எண் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சொந்தத் துப்பாக்கியை விற்கிறவர் 45 நாள் முன்னதாக மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். ".38 ஒண்ணு இருக்கு, மலிவா முடிச்சுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால், அது தடைசெய்யப்பட்ட ரகம், பேச்சையே எடுக்காதீர்கள். அப்புறம், வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி வாங்கி வைத்துவிட்டுத் துப்பாக்கி வாங்குங்கள். தோட்டா வேறு இடத்தில், வேறு சாவியில்.

ஆலைக்காரர் முன்பணத்தைத் திரும்ப வாங்க மூன்று வாரம் அலைந்தார், முழுசும் வரவில்லை. கடைசியில் புதிதாக ஒன்று வாங்கினார். அலங்காரம் எதுவும் இல்லாத கறுப்பு ரிவால்வர், ஆறு சேம்பரிலும் டக். ஹேமரை இழுக்காமல் ட்ரிக்கரை மட்டும் இழுத்தால் கனமாக இருக்கிறது என்றார். ரிவால்வர் என்றாலே அப்படித்தான், டம்மி தோட்டா போட்டு தினமும் ஐம்பது தடவை இழுத்துப் பழகுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். முந்தாநாள் போன் செய்தார். ஆள்காட்டி விரல் காய்த்துவிட்டதாம்.