அழற்சி வேறு, வீக்கம் வேறு

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்கான துண்டறிக்கை ஒன்று. "தவறான உணவு மூளையில் வீக்கத்தை உண்டாக்கும்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இதே வரியைக் காணொளிகளில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்தமுறை தாளை நீட்டியவர் ஒரு நோயாளியின் மகள். "வீக்கம் வடிஞ்சிடுச்சுன்னு ஸ்கேன் பார்த்துட்டு டாக்டர் சொன்னாரே, சாப்பாட்டால திரும்ப வந்துடுமா?" என்றார். அவர் பயந்ததில் தவறே இல்லை.

அறிக்கை சொல்ல வந்தது அழற்சி, ஆங்கிலத்தில் இன்ஃப்ளமேஷன்: காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடலின் தற்காப்பு கிளர்ந்தெழுவது. அழல் என்றால் தீ. சுழல் சுழற்சி ஆவதுபோல, முயல் முயற்சி ஆவதுபோல, அழல் அழற்சி ஆனது. இன்ஃப்ளமேஷன் என்பதும் சுடரைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

வீக்கம் என்ற சொல்லுக்காக வாதாடுபவர்கள் "எளிய சொல், எல்லாருக்கும் புரியும்" என்பார்கள். புரியும்தான், ஆனால் வேறொன்று புரியும். முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற உரோமானியர் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. நான்கில் ஒன்றை எடுத்து முழுமைக்கும் பெயராக வைப்பது என்ன நியாயம்? நெடுநேரம் நின்றால் கால் வீங்குகிறது. அங்கே அழற்சி இல்லை. உணவோடு சேர்த்துப் பேசப்படும் அழற்சியோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடப்பது. வீங்காது, வலிக்காது. இரத்தத்தில் சிஆர்பி, இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை அளந்தால்தான் தடம் தெரியும்.

பக்கவாத நோயாளியிடம் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். அவர் விஷயத்தில் வீக்கம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மூளையின் இரத்தக்குழாயில் பெரிய அடைப்பு ஏற்பட்டால் முதல் சில நாள்களில் மூளைத் திசுவில் நீர் கோத்துக்கொள்ளும். மண்டையோட்டுக்குள் இடம் ஏது? அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். சிலருக்கு எலும்பின் ஒரு பகுதியையே எடுத்து இடம் விடுகிறார்கள். அதுதான் மூளை வீக்கம். மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா கிளர்ந்தெழுந்து, செத்த திசுவை அப்புறப்படுத்தி, சில நேரம் நல்லதையும் சேர்த்துக் கெடுப்பது அழற்சி. இது மாதக்கணக்கில் நீளக்கூடும். ஒரே நோயாளியின் கோப்பில் இரண்டும் வரும்போது இரண்டுக்கும் ஒரே சொல்லா?

அழற்சி என்றால் ஒவ்வாமை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்களே என்பார்கள். உண்மைதான். அதற்குக் காரணம் "உணவு அழற்சி" என்ற அரைகுறைத் தொடர். அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் ஒரு குறியீடு உருவாக்கியிருக்கிறார்கள். 45 உணவுக் கூறுகளைக் கணக்கிட்டு, ஒருவர் சாப்பிடுவது அழற்சியைத் தூண்டுகிறதா தணிக்கிறதா என்று மதிப்பெண் போடுவது அது. அதை "உணவு அழற்சிக் குறியீடு" என்று எழுதினால் உணவுக்கே அழற்சி வந்ததுபோல இருக்கிறது. "உணவின் அழற்சித் தூண்டல் குறியீடு" என்பேன். நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். சித்த மருத்துவம் அறிந்தவர் வளி, அழல், ஐயம் (வாதம், பித்தம், கபம்) என்ற வரிசையை நினைத்து அழற்சியைப் பித்தம் என்று கொள்ளலாம். அந்த அளவுக்கு நான் விட்டுக்கொடுப்பேன்.

"உண்டாக்கும்" என்ற வினைமுற்றும் உறுத்துகிறது. அந்த மதிப்பெண் கூடியவர்களிடம் நினைவாற்றல் குறைவு அதிகம் தென்படுவதாகச் சொல்பவை பெரும்பாலும் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். காரணத்தை நிறுவியவை அல்ல. மூலத்தில் 'உண்டாக்கக்கூடும்' என்று இருப்பதைத் தமிழுக்கு வரும்போது 'உண்டாக்கும்' என்று உறுதியாக்கிவிடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். அகராதியின் முதல் வரியோடு நின்றுவிடுவது இன்னொரு பழக்கம்.

அந்தத் தாளில் வரியை அடித்துவிட்டு, "சில உணவுகள் அழற்சியைத் தூண்டக்கூடும், ஸ்கேனில் கண்ட வீக்கம் வேறு" என்று எழுதிக் கொடுத்தேன்.

"அழற்சின்னா?"

"உள்ளே தணல் மாதிரி கனன்றுகிட்டே இருக்கிறது."

"அப்ப கனல்னே சொல்லிடலாமே?" என்றார்.

கனற்சி என்று யாரும் கிளம்பாதவரை எனக்கு மறுப்பில்லை.